தம்பியைக் காணவில்லை என்பதற்கான காகிதங்கள்

1

வக்கீல் அனுப்பிய பட்டியலில் பதினொரு உருப்படிகள் இருந்தன. அப்பாவின் இறப்புச் சான்று, அம்மாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டின் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, தம்பியின் பள்ளிச் சான்றிதழ், அவன் கல்யாணப் பத்திரிகை, போலீசில் கொடுத்த புகாரின் நகல், தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்த தாள், செய்தித்தாளில் வந்த ‘காணவில்லை’ விளம்பரம். இந்தப் பத்தையும் ஒரு வருஷத்தில் திரட்டிவிட்டேன். பதினொன்றாவது, என் தம்பி மனைவி மலரின் கையெழுத்து. அது மட்டும் வரவில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். இருபத்தேழு வருஷம் ஆகிறது. ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு தாள் தொலைந்தால் மூன்று கட்டடம் தள்ளி வேறு யாருடைய கோப்பிலோ செருகிக் கிடப்பதைத் தேடி உருவிக்கொண்டு வருகிறவள் நான். காகிதம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. கொஞ்சம் திமிர் என்றுகூடச் சொல்லலாம். மனுஷர்கள்தான் எனக்குக் கைக்கு அடங்குவதில்லை.

வழக்கு இதுதான். பதினான்கு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் தம்பி குமார், திருச்சி எடமலைப்பட்டி புதூரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஃபேக்டரிக்குக் கிளம்பினான். ஃபேக்டரிக்குப் போகவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. அவனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மகள் நிலாவுக்கு ஆறு. சண்டை இல்லை, கடிதம் இல்லை, ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக் கேரியரையும் எடுத்துக்கொண்டுதான் போனான். ஏன் போனான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வீடு அப்பா கட்டியது. அவர் பேரிலேயே இருக்கிறது. போன வருஷம் அம்மாவும் போய்விட்ட பிறகு, அது எனக்கும் குமாருக்கும் பாதிப் பாதி. என் பாதியை மலருக்கு எழுதிக் கொடுக்க நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். குமாரின் பாதிக்கு அவன் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் அவன் இறப்புச் சான்று வேண்டும். ஏழு வருஷத்துக்கு மேல் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால், அவர் இறந்ததாகக் கருதி அறிவிக்கும்படி சிவில் கோர்ட்டில் கேட்கலாம். வாதி மலர். சாட்சி நான். எதிர்த்தரப்பில் மனுஷர் யாருமில்லை. சில அரசாங்கப் பதவிகளின் பெயர்கள் மட்டும்.

இது நடக்காவிட்டால், மலர் தான் பெருக்கித் துடைத்து வாழ்ந்த வீட்டில் கடைசிவரை யாரோ ஒருத்திதான். குமாரின் பாதி அவன் பேரிலேயே முடங்கிக் கிடக்கும்; நான் எழுதிக் கொடுக்காமல் போய்விட்டால் என் பாதி என் மகன் அருணுக்குப் போகும். அவனுக்கு எடமலைப்பட்டி புதூர் என்று ஒரே மூச்சில் சொல்லக்கூட வராது.

ஆறு மாதமாக மலர் போனில் “பார்க்கலாம் அண்ணி” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. எல்லாவற்றையும் நான் ஓடி ஓடிச் செய்கிறேன், இவளுக்கு ஒரு கையெழுத்துப் போட நோகிறதா? அம்மாவின் முதல் வருஷத் திதி வந்தது. நேரில் போய்க் கையைப் பிடித்து வாங்கிவிடுவது என்று லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

2

அப்போதே ஏன் போலீசுக்குப் போகவில்லை, போன வருஷம்தான் ஏன் புகார் கொடுத்தோம் என்று கேட்பீர்கள். வக்கீலும் கேட்டார். போலீஸ்காரரும் கேட்டார்.

அவன் போன மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஜமால் பாய், “தம்பியை ரெண்டு நாளாப் பார்க்கலையே” என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா யோசிக்காமல் சொல்லிவிட்டாள், திடீரென்று விசா வந்தது, சார்ஜாவுக்குப் போயிட்டான் என்று. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் வெளிநாட்டில். ஜமால் பாயின் மகனே சார்ஜாவில்தான். வெளிநாடு போய்விட்டான் என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ஓடிப்போனான் என்றால் ஊரே வந்து உட்கார்ந்துகொள்ளும். மருமகள் சரியில்லை என்று ஆரம்பிக்கும்.

நான் போனில் கத்தினேன். லெஸ்டரிலிருந்து கத்துவது சுலபம். அந்தக் காலத்தில் போன் கார்டு தீர்ந்ததும் கோபமும் தீர்ந்துவிடும். அம்மா சொன்ன பதில் ஒன்றுதான்: “நீ சொல்லிட்டுப் போயிடுவ. இந்தத் தெருவுல நான்தானே நடக்கணும்?” நானும் ஒத்துக்கொண்டேன்.

ஒத்துக்கொண்டது மட்டுமா, வேலையும் செய்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வரும்போது துபாயில்தான் விமானம் மாறுவேன். அம்மா முன்கூட்டியே சொல்லிவிடுவாள்: நாலு செண்ட் பாட்டில், பேரீச்சம்பழம், டப்பாப் பால் பவுடர். தம்பி கொடுத்தனுப்பியதாகத் தெருவில் கொடுக்க வேண்டும். வாங்கி வந்தேன். துபாய்க் கடையின் பை இருக்கிறதே, அதைக்கூடக் கசங்காமல் கொண்டுவந்தேன். அம்மா அந்தப் பையோடுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் போவாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு காலை. நான் ஊருக்கு வந்து இறங்கிய நாள். அம்மாவும் நானும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மலர் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளி ஆள் யாருமில்லை. கதவுகூடச் சாத்தியிருந்தது. அம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள், “தம்பியைப் பார்த்தியா?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. நடிப்பும் இல்லை. நிஜமாகத்தான் கேட்கிறாள். ‘எந்தத் தம்பியை அம்மா?’ என்று கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. “பார்த்தேன்” என்றேன்.

ஒரு வார்த்தையோடு அது நின்றுவிடுமா? எங்கே பார்த்தாய் என்றாள். விமான நிலையத்தில், காபிக் கடைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம் என்றேன். இளைத்திருக்கிறானா என்றாள். கொஞ்சம் இளைத்திருக்கிறான், முடியும் கொட்டியிருக்கிறது, நீலக் கோடு போட்ட சட்டையில் வந்தான் என்றேன். அம்மா அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள். மலர் என் தட்டில் ஒரு தோசையைப் போட்டுவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, இந்த நாடகத்தில் அவளும் ஒருத்திதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அவனைப் ‘பார்த்தேன்’. மொத்தம் நாலு முறை. கடைசி முறை மூன்று வருஷத்துக்கு முன்.

3

அம்மாவின் திதியை ஸ்ரீரங்கத்தில், காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் கொடுத்தோம். பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தவர், அவரே வந்து உட்கார்ந்தார். சாஸ்திரிகள் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டே, “பிள்ளை இல்லையா?” என்று கேட்டார். என் வாய் தன்பாட்டுக்கு, “இருக்கான், வெளிநாட்டுல” என்றது. மறுநாள் அவன் இறந்துவிட்டான் என்று பிராது கொடுக்கக் கையெழுத்து வாங்கப் போகிறவள் நான். பக்கத்தில் நின்ற மலர் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

ஊருக்கு வந்தால் நான் தடுக்கி விழுவது பேச்சில்தான். ஜெராக்ஸ் கடையில் ஒவ்வொரு தாளுக்கும் தேங்க்யூ சொல்கிறேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். க்யூவில் இடித்தவரிடம் நானே சாரி சொல்கிறேன். வீட்டில் இருபத்தேழு வருஷமாகத் தமிழ்தான் பேசுகிறேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். வக்கீல் அனுப்பிய பிராதின் நகலைப் பார்த்ததும் பெருமை போய்விட்டது. ‘மேற்படி’, ‘பராதீனம்’, ‘வழக்கு மூலம் எழுந்தது’ என்று வரிக்கு வரி மூச்சு வாங்கியது. இரண்டாம் தடவை படிக்கும்போது மலரைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டேன். அவள் சொன்னாள். ஆறாவது பத்தி வந்ததும் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. வக்கீல் போனில் விளக்கினார். யாராவது தெருவில் போகிறவருக்குத் தகவல் வரவில்லை என்றால் போதாது. ஆள் உயிரோடிருந்தால் யாருக்கு இயல்பாகத் தகவல் வந்திருக்குமோ, அவர்களுக்கு வந்திருக்கக் கூடாது. அம்மா, பெண்டாட்டி, பிள்ளை, கூடப்பிறந்தவர்கள்.

அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் அருணை நினைத்தேன். மான்செஸ்டரில் இருக்கிறான், ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம்தான். அம்மாவின் திதிக்குப் போகிறேன் என்று அவனுக்கு எழுதினேன். ஒரு கட்டை விரல் படம் வந்தது. அதற்கு முன் வந்தது ஐந்து வாரத்துக்கு முன், அதுவும் கட்டை விரல்தான். சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. குமாரும் சண்டை போடாமல்தான் போனான்.

4

அக்கம்பக்கத்தார் ஒருவரின் வாக்குமூலமும் இருந்தால் நல்லது என்று வக்கீல் சொல்லியிருந்தார். எதிர்வீட்டுக்குப் போனேன். ஜமால் பாய்க்கு எழுபத்தைந்து தாண்டியிருக்கும். பெரிய கடை வீதியில் துணிக்கடை வைத்திருந்தவர். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மகன் இன்னும் சார்ஜாவில்தான்.

எப்படி ஆரம்பிப்பது? பதினான்கு வருஷம் பொய் சொன்ன வீட்டுக்காரி, இப்போது எங்களுக்காக உண்மை சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். எப்படியோ திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். குமார் வெளிநாட்டுக்குப் போகவே இல்லை, காணாமல்தான் போனான் என்று. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“தெரியும்மா” என்றார். “அந்த வருஷமே எம்மவன்கிட்ட விசாரிக்கச் சொன்னேன். நம்ம புள்ளை தனியா இருக்குமே, வெள்ளிக்கிழமைல கூப்பிட்டு ஒரு வேளை சோறு போடலாமேன்னுதான். அம்மா சொன்ன கம்பெனியில அப்படி ஆளே இல்லைன்னுட்டான்.”

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். செண்ட் பாட்டிலை ஏன் வாங்கிக்கொண்டீர்கள் என்றும் கேட்டேன்.

“அந்தம்மா சிரிச்சுக்கிட்டே கொண்டாந்து நீட்டும்போது என்னன்னு கேட்கச் சொல்றீங்க?” என்றார். உள்ளே திரும்பி மருமகளிடம் சொன்னார். அந்தப் பெண் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தது. உள்ளே செண்ட் பாட்டில்கள், ஒன்றும் பிரிக்காமல். அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. நம்முடையது இல்லை என்று தோன்றியதாம். வாக்குமூலம் கொடுக்க இன்ஷா அல்லாஹ் எந்த நாளும் வருகிறேன் என்றார். வெட்கத்தில் எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. தெருவை ஏமாற்றினோம் என்று நினைத்தோம். தெரு எங்களைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மலரிடம் இதைச் சொன்னேன். “பாய்க்கு எல்லாம் தெரியுமாம்” என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், “என்ன தெரியுமாம்?” என்று கேட்டாள். சார்ஜாவில் இல்லை என்பது, என்றேன். “ஓ” என்றாள். துபாயா சார்ஜாவா என்பதைத்தான் பாய் கண்டுபிடித்தார் என்று அவள் நினைத்திருக்கிறாள். அது எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

5

வக்கீல் சம்பத் இருப்பது ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போனோம். மலர் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நிலாவுக்குக் காலேஜ், வரவில்லை.

வக்கீலுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிராதை முதலிலிருந்து கடைசிவரை கட்சிக்காரர் காதில் விழும்படி தாமே படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க மாட்டார். மற்ற இடங்களில் ஜூனியர் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பார், அந்த இடத்தில் போட்டுவிட்டு வந்துவிடலாம். எனக்கு அப்படி முடிந்தால் தேவலை. நான் முழுக்கப் படித்துவிட்டேன், அவள் கையெழுத்து மட்டும் போதுமே என்றேன்.

“அப்படி இல்லேம்மா” என்றார். “உண்மைன்னு சொல்லப்போறது அவா. அவா காதுல விழணும்.”

படித்தார். கல்யாணம், குழந்தை, அந்தச் செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக் கேரியர். மலர் அசையாமல் கேட்டாள். ஆறாவது பத்தி வந்தது. “மேற்படி குமார் வீட்டை விட்டுச் சென்ற நாள் முதல் இன்றுவரை வாதியோ, வாதியின் மகளோ, மேற்படியாரின் தாயாரோ, தமக்கையோ, இயல்பாக அவரைப் பற்றித் தகவல் அறிந்திருக்கக்கூடிய வேறு எவருமோ அவரைப் பார்க்கவும் இல்லை, அவர் உயிருடன் இருப்பதாகக் கேள்விப்படவும் இல்லை.”

மலர் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

“இது உண்மை இல்லைங்க சார்.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த நேரத்தில் இவளுக்கு என்ன வந்தது?

“அண்ணி பார்த்திருக்காங்க” என்றாள் மலர். “துபாய் ஏர்போர்ட்ல. ஒரு தடவை இல்லை, நாலு தடவை. கடைசியா மூணு வருஷம் முன்னாடி. அண்ணியைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் இத்தனை நாளாத் தள்ளிப் போட்டேன். அவரு அவங்ககிட்ட பேசறாரு. என்கிட்ட மட்டும் பேச இஷ்டமில்லை. என்ன தப்பு பண்ணினேன்னு எனக்குத் தெரியலை, அது இருக்கட்டும். ஆனா உசுரோட இருக்கிறவரைச் செத்துட்டாருன்னு நான் எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்?”

அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமாக இந்தப் பெண், புருஷன் உயிரோடு இருக்கிறான், அக்காவோடு உட்கார்ந்து காபி குடிக்கிறான், தன்னிடமிருந்து மட்டும் ஒளிந்துகொள்கிறான் என்று நம்பிக்கொண்டு எனக்குத் தோசை வார்த்துப் போட்டிருக்கிறாள். போலீசில் நான் புகார் கொடுத்ததையும் விளம்பரம் போட்டதையும் காகிதத்துக்காகச் செய்த கண்துடைப்பு என்றே நினைத்திருக்கிறாள். எங்கே அவர், எப்போது வருவார், என்னைப் பற்றிக் கேட்டாரா என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை. அவள் கேட்காததை நான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். அவமானம் என்று தெரியாமல் போயிற்று.

“நான் பார்க்கலை மலர்” என்றேன். “ஒரு தடவைகூடப் பார்க்கலை. அம்மாவுக்காகச் சொன்னேன். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

வக்கீல் எழுந்து, தீர்த்தம் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார். நல்ல மனுஷர். வெகுநேரம் வரவில்லை.

மலர் அழவில்லை. “அத்தைக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். பிறகு, தெரியவில்லை என்றேன். அம்மா எப்போது நடிப்பதை விட்டு நம்ப ஆரம்பித்தாள், நம்பினாளா என்பதே எனக்குத் தெரியாது.

“அப்ப அவரு என்கிட்டேருந்து ஒளியலை” என்றாள். சொல்லிவிட்டு முழுசாக ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் முகம் மாறிவிட்டது. ஒளியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் அவளுக்கு எட்டியிருக்க வேண்டும். நான் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை, பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு தாளின் கீழும் மலர்விழி என்று முழுப் பெயரையும் எழுதினாள். ஒன்றிலும் அவசரப்படவில்லை.

6

என் வாக்குமூலத்தில் ஒரு பத்தி சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பேச்சு தெருவில் யார் காதிலாவது விழுந்திருக்கும், பின்னால் விசாரணையில் கிளம்பினால் சாட்சியமே நிற்காது, நாமே முந்திச் சொல்லிவிடுவது உத்தமம் என்றார் வக்கீல். அவரே வாசகமும் சொன்னார். ‘வயது முதிர்ந்த தாயாரைத் தேற்றும் பொருட்டு, எனது தம்பியைச் சந்தித்ததாக நான் உண்மைக்கு மாறாகக் கூறியிருந்தேன்.’

சுத்தமான வாக்கியம். யாருக்கும் அடிபடாத வாக்கியம். அதில் மலர் இல்லை.

இன்னொரு வரி சேர்க்கச் சொன்னேன். ‘வாதி அதை உண்மை என நம்பி ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.’ வழக்குக்கு அது அவசியமில்லை, தலைவலிதான் என்றார். இருக்கட்டும் சார் என்றேன். பெருமாள் விட்ட வழி என்று சேர்த்துக்கொண்டார். என் இத்தனை வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ கோப்புகளை ஒழுங்கு செய்திருக்கிறேன். நான் செய்ததை நானே எழுதிச் சேர்த்த கோப்பு அது ஒன்றுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. கீழே மணல்தான் தெரிந்தது. மலர் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

“நீலக் கோடு போட்ட சட்டைன்னு சொன்னீங்களே அண்ணி” என்றாள். “அது பீரோலதான் இருக்கு. அன்னைக்கே எடுத்துப் பார்த்தேன். அதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டாரு போலருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.”

அந்தச் சட்டையை ஏன் சொன்னேன் என்று யோசித்தேன். லெஸ்டரிலிருந்து நான் வாங்கிக்கொண்டுவந்து கொடுத்த சட்டை அது. அவனுடைய சட்டைகளில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவன் என்ன சாப்பிட்டான், யாரோடு பழகினான், எதற்குக் கவலைப்பட்டான், எதுவும் எனக்குத் தெரியாது. வெளிநாட்டுக்குப் போன பிறகு கூடப்பிறந்தவனைப் பற்றி என் கையில் மிஞ்சியது நான் கொடுத்த பொருள்களின் ஞாபகம் மட்டும்தான். காணாமல் போனது அவன் மட்டும்தானா என்று பாலம் முடிகிறவரை நினைத்துக்கொண்டு வந்தேன். வாய்விட்டு மன்னிப்பும் கேட்டேன். மலர் ஜன்னல் பக்கம் திரும்பி, “இறங்கணும் அண்ணி, பையை எடுத்துக்குங்க” என்றாள்.

7

பிராதைத் தாக்கல் செய்து, வழக்கு நம்பர் கிடைப்பதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. என் சாட்சியத்துக்கு மறுபடி வர வேண்டும். கிளம்பும் அன்று மலர் விமான நிலையத்துக்கு வந்தாள். ஆட்டோ கே.கே. நகர் வழியாகப் போயிற்று. வாசலில் நின்று பெட்டியை வண்டியில் வைத்துக் கொடுத்தாள். நான் உள்ளே திரும்பும்போது கூப்பிட்டாள்.

“துபாய்லதானே மாறுவீங்க?”

“ஆமா.”

“ஒரு தடவை சுத்திப் பார்த்துடுங்க அண்ணி.”

கையெழுத்துப் போட்டவள். ஒவ்வொரு தாளிலும் போட்டவள். சரி என்று தலையை ஆட்டினேன்.

துபாயில் எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். கடைகள், தொழுகை அறை வாசல், சார்ஜிங் மேஜைகள், அட்டைப்பெட்டியில் கயிறு கட்டி வரிசையில் நிற்கிற நம் ஊர் ஆட்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒவ்வொரு ஆம்பிளையின் முகத்தையும் பார்த்தேன். சிலர் முறைத்தார்கள். ஒருவர் பின்னால் கொஞ்ச தூரம் போனேன்; நடை ஒரு மாதிரி இருந்தது. அவர் திரும்பினார், வேறு யாரோ. கடைசியில் ஒரு காபிக் கடைக்கு எதிரே பெஞ்சு இருந்தது. நான் சொன்னபடியே இருந்தது. அதில் உட்கார்ந்து மலருக்குப் போன் போட்டேன்.

“யாரும் இல்லை மலர்” என்றேன்.

பிறகு கேட்டாள், “நல்லாத் தேடினீங்களா அண்ணி?”

“தேடினேன்” என்றேன்.

தேடினேன் என்பது உண்மைதான். இந்தப் பதினான்கு வருஷமும் இந்த வழியாகத்தான் போய் வந்துகொண்டிருக்கிறேன். செண்ட் வாங்கினேன், பேரீச்சம்பழம் வாங்கினேன், அவனைப் பார்த்ததாகப் போய்ச் சொன்னேன். ஒரு தடவைகூட நான் அவனைத் தேடியதில்லை.